நிலக்கடலைக்கு அன்னபேதி; குழந்தைக்கு?

சுண்ணாம்பு நிலத்தில் நிலக்கடலையின் இளங்குருத்து வெளுத்தால் விவசாயிக்கு உடனே புரிந்துவிடும். பயிருக்கு இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கிறோம். வீட்டில் குழந்தை வெளுத்திருந்தால் மட்டும், "பிறவி நிறம்" என்று இருந்துவிடுகிறோம். அதுவும் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான். அதற்குப் பெயர் இரத்தசோகை.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. 5 வயதுக்குட்பட்டவர்களில் 100-க்கு 22 பேர் எடை குறைந்திருந்தனர். மூளை வேகமாக வளர்வது முதல் இரண்டு வயதுக்குள். அந்தப் பருவத்தில் தவறவிட்டதைப் பின்னால் முழுமையாக ஈடுகட்ட முடியாது.

அறிகுறிகள்

கீழ் இமையின் உட்புறம், நாக்கு, நகம் ஆகியவை வெளுத்திருக்கும். குழந்தை சோர்ந்து கிடக்கும், சரியாகச் சாப்பிடாது. மண் தின்னும் பழக்கமும் ஓர் அறிகுறி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விளைவது எங்கே போகிறது?

திண்டுக்கல் சமவெளியில் கம்பு, சோளம், பயறு, கடலை, முருங்கை எல்லாம் விளைகின்றன. ஆனால் காய்கறி விடியுமுன் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்விடுகிறது. தானியம் வியாபாரியிடம் போகிறது. குழந்தைக்கு மிஞ்சுவது வெறும் சோறும் ரசமும்தான். 100 கிராம் கம்பில் இரும்புச்சத்து சுமார் 6 மில்லிகிராம் உள்ளது. கேழ்வரகிலும் பாசிப்பயறிலும் ஏறக்குறைய 5. தீட்டிய அரிசியிலோ 1 கூட இல்லை. விதைக்கு எடுத்து வைப்பதுபோல், குழந்தையின் பங்கையும் முதலில் எடுத்து வைத்த பிறகே மூட்டை கட்ட வேண்டும்.

சத்துமாவு

கம்பு 4 பங்கு, பாசிப்பயறு 2 பங்கு எடுத்து ஓர் இரவு ஊறவைத்து, முளைகட்டி உலர்த்தி, வறுத்து அரைக்க வேண்டும். வறுத்த கடலை 1 பங்கைத் தனியே பொடித்துக் கலக்கலாம். பூஞ்சாணம் பிடித்த கடலை கூடவே கூடாது. 6 மாதம் முடிந்ததும் இம்மாவைக் கெட்டியான கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கத் தொடங்கலாம். தாய்ப்பாலை 2 வயது வரை நிறுத்த வேண்டாம். குழைய வேகவைத்த கீரையை மசித்துச் சேர்க்கலாம். முட்டையோ ஈரலோ கிடைத்தால் இன்னும் நல்லது.

கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேராது. கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றில் ஒன்று இருந்தால் அதிகம் சேரும். சாப்பாட்டோடு தேநீர், காப்பி கொடுத்தால் சேர்வது குறையும்.

புறக்கடைத் தோட்டம்

குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் இரண்டு முருங்கை போதும். பெரியகுளத்திலிருந்து 1989-ல் வெளிவந்த பி.கே.எம். 1 ரகத்தை விதை மூலமே வளர்க்கலாம். ஒரு மீட்டர் உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துக் கீரை நிறையக் கிடைக்கும். பக்கத்தில் சிறு பாத்தி கட்டித் தண்டுக்கீரையும் விதைத்துப் பறிக்கலாம். இந்தப் பாத்திக்குப் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது.

மருந்தும் எடையும்

இரத்தசோகை வந்த பிறகு உணவு மட்டும் போதாது. 6 மாதம் முதல் 5 வயது வரை, வாரம் இருமுறை 1 மில்லி வீதம் கொடுக்க வேண்டிய இரும்புச்சத்துத் திரவம் அரசு மூலம் வழங்கப்படுகிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்கலாம். மலம் கறுத்துப் போனால் பயந்து நிறுத்திவிட வேண்டாம். வயலுக்கு வாங்கிய அன்னபேதியை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு முகாம்களில் தரும் குடற்புழு மருந்தையும் தவறவிடக் கூடாது.

1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கியது. திண்டுக்கல்லும் அப்போது அதே மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்குத் தனியாகச் சத்துணவு கொடுத்தார்கள். அங்கன்வாடியில் இன்றும் எடை போடுகிறார்கள். சந்தையில் மூட்டையின் எடையைக் கவனிக்கும் நாம், மாதம் ஒருமுறை குழந்தையின் எடையையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.