காற்றை அளத்தலும் கரையைக் காத்தலும்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்வோர், ஒருபுறம் கடலையும் மறுபுறம் ஆலைகளையும் எண்ணெய்த் தொட்டிகளையும் காண்பர். இவ்விரண்டையும் ஆள்வது காற்று. வாடை, தென்றல், கொண்டல், கோடை என நாற்றிசைக் காற்றுக்கும் நம் முன்னோர் பெயரிட்டனர். அக்காற்றைக் கருவிகளால் அளந்தறிவதால் நம் தொழில்களுக்கு விளையும் பயன் யாது என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

சென்னையில் வானிலையை அளத்தல் புதியதன்று. நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டில் எழுந்த வானாராய்ச்சி நிலையத்தில், 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. ஆயினும் 1872 மே 2-ஆம் தேதி அடித்த புயலில், துறைமுகமில்லாத அக்காலத்தில் திறந்த கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் பல கரையில் மோதிச் சிதைந்தன. பின்னர்க் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்களையும் 1881 நவம்பர்ப் புயல் உடைத்தெறிந்தது. நகரில் பாரமானி இருப்பது மட்டும் மாலுமியைக் காவாது. அது கூறும் செய்தி உரிய காலத்தில் அவனை எட்டுதல் வேண்டும்.

அச்செய்தியை எட்டச் செய்வதே துறைமுகத்தில் ஏற்றப்படும் புயற்கூண்டு. பகலில் உருளையும் கூம்புமாக, இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளாக அது பேசுகின்றது. 1, 2 எண்கள் தொலைவிலுள்ள புயலைக் குறிப்பன. 3, 4 துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 5-க்கும் 6-க்கும் உள்ள வேற்றுமை கருதத்தக்கது. புயல் செல்லும் வழிக்குத் துறைமுகம் இடப்புறமாயின் 5, வலப்புறமாயின் 6. நம் பகுதியில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வது. ஆதலின், மேற்கு நோக்கி வரும் புயல் நமக்கு வடக்கே கரை கடந்தால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். தெற்கே கடந்தால் கடலிலிருந்து வீசிக் கப்பலையும் நீரையும் கரைமேல் தள்ளும். 11-ஆம் எண்ணோ, வானிலை நிலையத்தின் தொடர்பு அறுந்தது, எனினும் அபாயம் உண்டெனத் துறைமுக அதிகாரி கருதுகின்றார் என்பதைக் காட்டும். கருவி ஓய்ந்தவிடத்தும் மனிதனுடைய கண்ணும் அனுபவமும் ஓய்தல் கூடாதென்பது இதன் கருத்தன்றோ?

2002-ஆம் ஆண்டில் துறைமுகத்துக் கட்டடமொன்றின் உச்சியில் டாப்ளர் ராடார் நிறுவப்பட்டபின், மேகத்தின் இயக்கத்தைத் தொலைவிலேயே காணுதல் இயல்வதாயிற்று.

இனித் தொழிற்பயன்களை நோக்குவோம். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்குதல் நான்கு மடங்காகும். ஆதலின் பெட்டகங்களைத் தூக்கும் கிரேனின் உச்சியில் காற்றுவேகமானி வைத்து, வரையறை கடந்தவுடன் வேலையை நிறுத்துகின்றனர். காசிமேட்டு மீனவர், கடலுக்குச் செல்லலாமா என்பதை வானிலை அறிக்கை கேட்டே துணிகின்றனர். புகைபோக்கி அமைப்போர், காற்று எத்திசையில் எத்தனை நாள் வீசுமெனக் கணக்கிடல் வேண்டும். வாடை வீசும்போது எண்ணூர்ப் புகை தெற்கேயுள்ள திருவொற்றியூருக்குச் செல்லுமன்றோ?

இவற்றினும் இன்றியமையாத பயனொன்று உண்டு. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு, எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் நள்ளிரவில் வீடு விட்டு ஓடினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். இத்தகைய வேளையில் நச்சுவாயு காற்றுப் போகும் வழியே போகும். அதற்கு முன்னே ஓடுவோனை அது துரத்திப் பிடிக்கும். குறுக்கே விலகிச் செல்வோனே தப்புவான். காற்றின் திசையைக் காட்டும் துணிப்பை ஆலையின் மதிலுக்குள் மட்டும் பறந்தால் போதுமா? குப்பத்துத் தெருவிலிருந்து காணுமாறும் பறத்தல் வேண்டும். அதன் பொருளைக் குழந்தையும் அறிதல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! ஒரு தகரத் துண்டும் ஓர் ஆணியும் இருப்பின் காற்றுத்திசைகாட்டி செய்யலாம். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அதனைப் பார்த்துக் குறித்து வருவீராக. குறித்ததை உங்கள் தெருவார்க்கும் எடுத்துரைப்பீராக. அளந்தவனிடமே தங்கிய அளவு பயன் தருவதில்லை. ஆபத்தில் நிற்பவனை எட்டிய அளவே உயிர் காப்பது.