செம்புக் குழாயின் வாய் கிழிந்தால்

ஏ.சி. வேலையில் இரண்டு காப்பர் பைப்புகளை ஒட்ட, ஒன்றின் வாயை விரித்து மற்றொன்றை உள்ளே நுழைப்பார்கள். விரிக்கும் ஸ்வேஜ் பஞ்ச்சை உள்ளூர் லேத் பட்டறையிலேயே கடைந்துகொள்ளலாம். ஆனால் பைப் கிழிந்ததும் பஞ்ச்சைத் தேய்க்க ஓடாதீர்கள். தவறு எங்கே என்பதைக் கிழிந்த வாயே காட்டும். அதை வெட்டி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

நீளவாக்கில் பிளந்திருந்தால் பெரும்பாலும் செம்பு இறுகியிருக்கிறது. 3/8 அங்குல பைப்பின் வெளிவிட்டம் 9.52 மி.மீ.; சுவர் 0.8 மி.மீ. என்றால் உள்விட்டம் 7.92. அதை 9.6-க்குக் கொண்டுபோவது ஐந்தில் ஒரு பங்கு விரிவு. வளைத்து நிமிர்த்திய பழைய பைப் இதைத் தாங்காது. முனையை மங்கலான செந்நிறம் வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். எஃகைப்போல அல்ல, செம்பைத் தண்ணீரில் முக்கினாலும் இளக்கம் போகாது. அரியலூர் வெயிலில் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியாமல் அதிகமாகச் சுட்டுவிடுவீர்கள், நிழலில் செய்யுங்கள். கேஸ் உள்ள பைப்பில் மட்டும் தீ வைக்கவே கூடாது. இப்போது பரவலாக உள்ள ஆர்32 தீப்பற்றக்கூடியது. கேஸை முறைப்படி மீட்டெடுத்த பிறகுதான் டார்ச்சைக் கையில் எடுக்க வேண்டும்.

இளக்கியும் அதே இடத்தில் பிளந்தால் வெட்டிய விளிம்பைத் தடவிப் பாருங்கள். பிசிறோ சிறு வெட்டோ இருந்தால் கிழிசல் அங்கிருந்தே தொடங்கும். பைப்பின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ரீமரால் வழியுங்கள். தூள் உள்ளே விழாது.

வாயின் உட்புறம் நீளக் கோடுகளா? அது பஞ்ச்சின் குறை. லேத்தில் சுழலவிட்டு நுண்ணிய எமரி பேப்பரால் மெருகேற்றுங்கள். சுண்ணாம்புக்கல் தூசி பறக்கும் ஊரில் மெருகேற்றிய பஞ்ச்சும் கோடு போடும். ஒவ்வொரு முறையும் துடைத்து, அந்த யூனிட்டுக்குரிய ஆயில் ஒரு சொட்டு தடவுங்கள். பஞ்ச் சிக்கிக்கொண்டாலும் இதுவே மருந்து. கூடவே ஒவ்வொரு தட்டுக்கும் பஞ்ச்சைச் சற்றுத் திருப்ப வேண்டும்.

ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்திருந்தால், உள்ளே நுழையும் வழிகாட்டி முனை சிறுத்துவிட்டது அல்லது பைப் அதைப் பிடிக்கும் கட்டையில் சாய்ந்து நிற்கிறது. மேற்சொன்ன பைப்புக்கு அந்த முனை 7.8 மி.மீ. இருக்கட்டும்.

வாய் தொளதொளவென்று இருந்தால் பஞ்ச்சை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். நுழைத்த பைப் தானாக நிற்க வேண்டும். இடைவெளி அதிகமானால் பிரேசிங் கம்பி உருகி உள்ளே வழியும், சந்து நிரம்பாது. விரித்த வாயின் ஆழம் ஏறத்தாழ பைப்பின் விட்டம் அளவு போதும்.

பற்றவைக்கும் முன் ஆயிலைத் துடைத்துவிட்டு, உள்ளே நைட்ரஜனை மெல்ல ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் உட்சுவரில் கருஞ்செதில் படிந்து, பிறகு கேப்பிலரியை அடைக்கும்.