முடிவைச் சொல்லாதே, தோழி!

முன்னுரை

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பது பழமொழி. மணியோசையைக் கேட்டதும் யானையைக் காணும் ஆவல் பிறக்கிறது. இக்காலத்திலோ, மணியோசைக்கு முன்பே யானை எங்கே போய் நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள்! திரைப்படத்தின் முடிவையும் தொலைக்காட்சித் தொடரின் முடிவையும், இன்னும் பார்க்காதவரிடம் உடைத்துச் சொல்லும் வழக்கத்தையே குறிப்பிடுகிறோம். 'ஸ்பாய்லர்' என்று இதற்குப் பெயர். சிறு விஷயம் போலத் தோன்றினாலும், பிறரை மதிக்கும் பண்பு இதில் அடங்கியிருக்கிறது.

நிறுத்தத் தெரிந்தவர்கள்

1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையாக வந்தது. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பது அதை எழுதிய கல்கி ஒருவருக்கே தெரியும். ஆகவே ஒரு வாசகர் மற்றொரு வாசகரின் சுவையைக் கெடுக்க வழியே இல்லை.

திரைப்படங்களுக்கோ பாட்டுப் புத்தகம் இருந்தது. முன்பு திரையரங்கு வாசலில் விற்ற அச்சிறு புத்தகத்தில் பாடல்களோடு கதைச் சுருக்கமும் இருக்கும். கதை சிக்கலான கட்டத்தை எட்டியதும், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நின்றுவிடும். எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ?

1954-இல் ஏவி.எம். தயாரிக்க, எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' வெளிவந்தது. பாடலே இல்லாத படம் அது. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு இறந்துவிடுகிறார். சுட்டவர் யார் என்பதுதான் கதை. அந்தப் பெயரை நாங்கள் இங்கே எழுதமாட்டோம். பார்க்காத தோழிகள் இருக்கக் கூடும் அல்லவா?

லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' என்னும் துப்பறியும் நாடகம் 1952 நவம்பர் 25 அன்று அரங்கேறியது. நாடகம் முடிந்ததும், குற்றவாளி யார் என்பதை வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்வையாளர்களை மேடையிலிருந்தே கேட்டுக்கொள்வது அதன் மரபு.

மறுபக்கம்

"முடிவு தெரிந்தால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்போரும் உண்டு. தெருக்கூத்தில் துரியோதனன் வீழ்வான் என்பது ஊருக்கே தெரியும். ஆயினும் மக்கள் விடிய விடிய அமர்ந்து பார்க்கிறார்கள். 'பொன்னியின் செல்வன்' 2022-இலும் 2023-இலும் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, நாவலைப் படித்தவர்களும் ஆவலுடன் சென்றார்கள். அமெரிக்காவில் சான் டியாகோ நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்டு ஆகிய இருவர், 12 சிறுகதைகளைக் கொண்டு நடத்திய ஆய்வை 2011-இல் வெளியிட்டனர். முடிவை முன்கூட்டி அறிந்து படித்தவர்களே பெரும்பாலும் கதையை அதிகம் ரசித்ததாக அதில் கண்டனர்.

இவை உண்மையே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூத்துக் கதை எல்லோருக்கும் பொதுவானது. நாவலை அவரவர் விரும்பிப் படித்தார்கள். தானே விரும்பி அறிவது வேறு. கேளாமலே காதில் ஊற்றுவது வேறு. மேலும், முடிவு தெரிந்த பின் பார்க்கும் சுவை எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். தெரியாமல் பார்க்கும் சுவையோ ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். அதைப் பறித்துவிட்டால் திருப்பித் தர யாராலும் இயலாது.

நம் ஊரில்

நம் பூந்தமல்லிக்கு அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி இருக்கிறது. 2017-இல் தொடங்கிய தமிழ் 'பிக் பாஸ்' நிகழ்ச்சியின் வீட்டை அங்கேதான் அமைத்தார்கள். வெளியேறப் போகிறவர் யார் என்பது ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்புக்கு முன்பே பலமுறை கைப்பேசிகளில் பரவியிருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் பேச என்ன மிச்சம்?

இதில் அதிகம் இழப்பவர் யார்? காத்திருப்பவர்களே! முதல் நாளே படம் பார்க்க எல்லா வீட்டிலும் பணம் இல்லை. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ தொலைக்காட்சியில் போடும்வரை பொறுத்திருக்கும் குடும்பங்கள் பல. பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களுக்கோ, பொதுத் தேர்வு முடியும்வரை தொலைக்காட்சிப் பெட்டிக்கே விடுமுறை! முன்னதாகப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றவர், காத்திருப்பவரின் மகிழ்ச்சியைப் பறிப்பது நியாயமாகுமா?

திரையரங்கில் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பவருக்கு, 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் 3 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. வாயால் முடிவைச் சொல்பவரை எந்தச் சட்டமும் தடுக்காது. அதற்குக் காவல் நம் நாவடக்கம் ஒன்றே.

முடிவுரை

ஆகவே தோழிகளே, கதை பேசுமுன் "நீ பார்த்துவிட்டாயா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். பார்க்காதவள் அருகில் இருந்தால், பாட்டுப் புத்தகம் போல உரிய இடத்தில் நிறுத்துவோம். பலர் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் முடிவை எழுதாதிருப்போம். நமக்குக் கிடைத்த வியப்பு, நமக்குப் பின்னே வரிசையில் நிற்பவளுக்கும் கிடைக்கட்டும். அறிந்ததைச் சொல்வது எளிது. அறிந்தும் சொல்லாதிருப்பதே அன்பு. அவ்வன்பைப் பழகுவோமாக!