கருவியை மாட்டினால் எலும்பு தானாக நேராகுமா?

"டாக்டர், அந்தப் புதுக் கருவி உங்ககிட்ட இருக்கா?" கால் பெருவிரல் வளைந்து, அதன் அடியில் எலும்பு புடைத்து வருகிறவர்கள், வலியைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே இதைத்தான் கேட்கிறார்கள். கைபேசியில் வீடியோ பார்த்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஏதாவது சொல்லியிருப்பார். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

நம்பிக்கை: துளை வழி அறுவைக்கு இப்போது கருவி வந்துவிட்டது. அதை மாட்டினால் எலும்பு தானாக நேராகிவிடும். யார் செய்தாலும் ஒன்றுதான்.

உண்மை: சுத்த அபத்தம். புடைப்பாகத் தெரிவது பெரும்பாலும் புதிதாக முளைத்த எலும்பு அல்ல. முதல் மெட்டாடார்சல் என்னும் பாத எலும்பு ஒரு பக்கம் விலக, பெருவிரல் எதிர்ப்பக்கம் சாய, அந்த எலும்பின் தலைதான் வெளியே துருத்துகிறது. அதைச் சரிசெய்ய எலும்பை வெட்டித்தான் ஆக வேண்டும். தழும்பு சிறியது என்பதால் வேலையும் சிறியது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சில மில்லிமீட்டர் துளை வழியே 'பர்' என்ற சுழலும் முனையை நுழைத்து எலும்பின் கழுத்தை வெட்டுகிறோம். சூட்டில் எலும்பு கருகாமலிருக்க சலைன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முனையின் தடிமன் ஏறத்தாழ 2 மி.மீ.; அந்த அளவு எலும்பு தூளாகிப் போய்விடும். எலும்பு குட்டையாவதை ஈடுகட்ட, வெட்டும் கோணத்தை முன்பே யோசித்திருக்க வேண்டும். பிறகு தலையை இரண்டாம் விரல் பக்கமாகத் தள்ளுகிறோம். எலும்பின் அகலத்தில் பாதி, சிலருக்கு அதற்கும் மேல்.

கருவிக்கு வேலை வருவது இதற்குப் பிறகுதான். தள்ளிய தலையைத் திருகாணிகளால் நிறுத்த வேண்டும். அதற்கு முன்னோடியாக ஒரு மெல்லிய கம்பி, எலும்பின் அடிப்பகுதியில் நுழைந்து, மறுபக்கச் சுவரைத் துளைத்து வெளியேறி, நகர்ந்து நிற்கும் தலைக்குள் போய்க் குத்த வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் சாய்ந்தாலும் முடிவில் தலையைத் தவறவிடும். வெறுங்கையால் செய்தால் கம்பியை உருவி உருவிக் குத்தி, ஒவ்வொரு முறையும் சி-ஆர்ம் எக்ஸ்-ரேயில் பார்க்க வேண்டியிருக்கும். வழிகாட்டிக் கருவி பாதத்துக்கு வெளியே நின்று, கம்பி போக வேண்டிய பாதையை முன்கூட்டியே காட்டுகிறது. சில வகைகள் தள்ளிய தலையைப் பிடித்தும் வைக்கும். நல்ல உதவிதான், மறுக்கவில்லை.

ஆனால் எவ்வளவு தள்ளுவது, எலும்பு தன் அச்சில் திரும்பியிருக்கிறதா, மூட்டு ஏற்கெனவே தேய்ந்துவிட்டதா என்பதையெல்லாம் கருவி சொல்லாது. தலை கொஞ்சம் மேலே தூக்கி நின்றுவிட்டால், உடல் பாரம் இரண்டாம் விரலின் அடிக்குப் போய் அங்கே புது வலி கிளம்பும். ரசமட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டால் சுவர் தானாக எழும்புமா? கொத்தனார் வேண்டாமா?

எனவே, "கருவி இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இந்த முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நின்றபடி எக்ஸ்-ரே எடுத்தார்களா என்றும் பாருங்கள். படுத்தபடி எடுத்த படத்தில் பாதத்தின் மேல் பாரம் விழாது; கோணம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியக்கூடும். அந்தப் படத்தை வைத்துத் திட்டம் போட்டால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

நம்பிக்கை: லேசர் வைத்துக் கரைத்துவிடுவார்கள்.

உண்மை: லேசர் எலும்பை நகர்த்தாது. அடுத்தது.

நம்பிக்கை: மறுநாளே பழையபடி நடக்கலாம்.

உண்மை: தடித்த அடியுள்ள பிரத்யேகச் செருப்போடு குதிகாலை ஊன்றிப் பலரும் சீக்கிரமே நடக்கலாம். பழையபடி அல்ல. எலும்பு கூட ஆறு வாரமாவது வேண்டும். வீக்கம் வற்ற மாதக்கணக்கில் ஆகும். இடது காலில் அறுவை செய்துகொண்டு, பத்தாம் நாள் பைக்கில் கியர் மாற்றுவேன் என்று கிளம்பாதீர்கள்.

நம்பிக்கை: விரலிடுக்கில் சிலிக்கோன் பட்டை வைத்தால் வளைவு நிமிர்ந்துவிடும்.

உண்மை: உரசல் குறையும், வலி கொஞ்சம் தணியும். பெரியவர்களுக்கு எலும்பு நிமிராது. அதற்காக, வலியே இல்லாதவர் அழகுக்காக அறுவைக்கு வருவதும் தேவையற்றது.

நம்பிக்கை: இது பரம்பரை, தடுக்க முடியாது.

உண்மை: பாதிதான் சரி. பல குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. ஆனால் ஹாங்காங்கில் சிம்-ஃபுக், ஹாட்ஜ்சன் இருவரும் 1958இல் வெளியிட்ட ஆய்வில், ஷூ அணிந்தவர்களில் 33 சதவீதத்தினருக்கு இந்த வளைவு இருந்தது. வெறுங்காலோடு வாழ்ந்தவர்களில் 1.9 சதவீதத்தினருக்கு மட்டுமே. பரம்பரை வாய்ப்பைத் தருகிறது, கூர்முனைச் செருப்பு அதைத் தள்ளிவிடுகிறது.

இவ்வளவு வெயிலடிக்கும் ஊரில், முனை குறுகிய கறுப்பு ஷூவைப் பிள்ளைகள் நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டம் சொல்கிறது? அகலமான செருப்பைச் சீருடையில் அனுமதிக்கச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். "இந்த வருஷம் ஓடட்டும்" என்று இறுகிப்போன ஷூவையே மாட்டி அனுப்பாதீர்கள். பிள்ளையை ஒரு தாளின் மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு வரையுங்கள். அதன் மேல் ஷூவை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம்.