கரையில் கிடக்கும் உயிர்

விடுமுறை வந்தால் நம் ஆனையூரிலிருந்து பிள்ளைகளோடு ஏர்வாடி, ராமேஸ்வரம் என்று போகிறோம். மன்னார் வளைகுடாக் கரையில் அலை ஒதுக்கியும், வலையில் சிக்கியும் நட்சத்திர மீன்கள் கிடக்கும். பிள்ளை ஆசையாக எடுக்கிறது. காயவைத்து வீட்டில் வைக்கலாம் என்று நாமும் பையில் போட்டுக்கொள்கிறோம்.

அசையாததால் செத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு இரத்தம் கிடையாது. உடலுக்குள் குழாய்களில் ஓடுவது கடல்நீர். அடிப்பக்கத்துச் சிறு கால்கள் நெளிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இது அபூதாவூதில் வருகிறது.

உணவுக்காகப் பிடிப்பது வேறு. வேடிக்கைக்காக ஓர் உயிரை வாடவிடுவது வேறு. அடுத்த முறை, உயிருள்ளதைக் கண்டால் பிள்ளையின் கையாலேயே மெதுவாகத் தண்ணீரில் விடச் செய்யுங்கள். பயான் கேட்டு வராத இரக்கம், அப்படிச் செய்யும்போது அந்தப் பிள்ளைக்கு வரும்.

படைப்புகள் மீது இரக்கம் காட்டும் அடியார்களாக அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.