எல்லா 'டொக்'கும் ஷாக் அல்ல

பத்து வயது தாண்டிய கார் வைத்திருப்பவருக்கு ஆலோசனை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால் போதும், பக்கத்து சீட்டு மச்சான், டயர் கடைக்காரர், ஸ்டாண்டில் நிற்கும் டிரைவர் அண்ணன் எல்லோரும் ஒரே தீர்ப்புதான் சொல்வார்கள்.

"டொக் டொக்னா ஷாக் போச்சு"

நானும் இதை நம்பிச் செலவழித்தவன்தான். என் பழைய கார் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது வாயே திறக்காது. குண்டும் குழியுமான தெருவில் இருபதில் போனால் மட்டும் இடது முன்பக்கம் டொக், டொக், டொக். ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன் ஷாக் இரண்டையும் மாற்றினார்கள். பில் கட்டி கேட்டைத் தாண்டினேன். முதல் பள்ளத்திலேயே அதே டொக்.

குற்றவாளி லிங்க் ராடு. இடது, வலது சக்கரங்களைப் பிணைக்கும் ஸ்டெபிலைசர் பாரையும், ஷாக் அடங்கிய ஸ்ட்ரட்டையும் இணைக்கும் விரல் தடிமன் கம்பி அது. இரண்டு முனையிலும் கோலிக்குண்டு போல ஒரு பந்து, கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். கிண்ணம் தேய்ந்தால் பந்து தட்டும். விலை, ஷாக் விலையில் சிறு பங்குதான். கார் முதலிலேயே எனக்குச் சொல்லியிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்தே ஏறுவதால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்வதில்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் பார் முறுகி லிங்க் ராடை இழுக்கும். டொக்கா, டக்கா என்ற ஆராய்ச்சியைவிட, எப்போது வருகிறது என்பதே மெக்கானிக்குக்கு உதவும்.

(மாருதி 800 வைத்திருப்பவர்கள் லிங்க் ராடைத் தேட வேண்டாம். அதில் பாரின் முனை புஷ் வழியாக நேரே லோயர் ஆர்முக்குள் போகிறது. பார்க்க வேண்டியது அந்த புஷ்ஷை.)

தேய்ந்த ஷாக் பெரும்பாலும் சத்தமில்லாத ஆசாமி. பள்ளம் தாண்டிய பிறகும் வண்டி தொட்டில் மாதிரி ஆடும். ஷாக்கின் உடம்பில் ஆயில் கசிந்து புழுதி அப்பியிருக்கும். டயர் திட்டுத் திட்டாகத் தேயும்.

"பானெட்டை அமுக்கி விட்டாலே தெரிஞ்சிடும்"

அமுக்கி விட்டதும் ஒரே ஆட்டத்தில் நின்றால் ஷாக் நல்லது என்பார்கள். அடியோடு செத்த ஷாக்கைத்தான் அது காட்டிக்கொடுக்கும். அரைகுறையாகப் போனது பாஸாகிவிடும். கை அமுக்கும் வேகமும் அறுபதில் பள்ளம் அடிக்கும் வேகமும் ஒன்றா?

ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்ப்பதும் ஏமாற்றும். பார் முறுக்கேறி லிங்க் ராடை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், தேய்ந்ததுகூடக் கெட்டியாகத் தெரியும். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பிறகு லிங்க் ராடைக் கையால் ஆட்டச் சொல்லுங்கள். அப்படியே சக்கரத்தைக் கடிகார முள் 12, 6 காட்டும் இடங்களில் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் சந்தேகம் பால் ஜாயிண்ட் மேல். 3, 9 இடங்களில் மட்டும் ஆடினால் டை ராடு எண்டையோ ஸ்டியரிங் ரேக்கையோ பார்க்க வேண்டும்.

"கிரீஸ் வெச்சா சரியாயிடும்"

ஒரு காலத்தில் இது உண்மை. அம்பாசடரின் முன்பக்கத்தில் கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. கன் வைத்து அடித்தால் கீச்சு அடங்கும். பிறகு வந்த கார்களில் பெரும்பாலானவற்றின் பால் ஜாயிண்டுகள் ரப்பர் உறைக்குள் மூடப்பட்டவை, நிப்பிளே கிடையாது. உறை கிழிந்து மணலும் தண்ணீரும் புகுந்தபின் வெளியே பூசும் கிரீஸால் ஒரு பயனும் இல்லை. அடிப்பக்கம் டீசலும் பழைய ஆயிலும் கலந்து அடிப்பது அதைவிட மோசம். ரப்பர் புஷ் ஊறி, உப்பி, இளகிப்போகும். சில நாள் நிம்மதி, பிறகு புது புஷ்.

எந்த புஷ் கீச்சிடுகிறது என்று கண்டுபிடிக்கப் பச்சைத் தண்ணீர் போதும். ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி ஒவ்வொன்றாக நனைத்து வண்டியை ஆட்டுங்கள். எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ, அதுதான். மழை நாளில் மட்டும் கார் சமர்த்தாக ஓடுகிறது என்றால் அதுவும் ரப்பரைத்தான் காட்டுகிறது.

புது புஷ் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். லோயர் ஆர்ம் போல்ட்டின் கடைசி முறுக்கு, வண்டி எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால், தரையில் இறங்கியதும் ரப்பர் எந்நேரமும் திருகியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும். "போன வருஷம்தானே மாத்தினோம்" என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

"சத்தம் வர்ற இடத்துலதான் பழுது"

காரின் உடம்பு தகர டப்பா. சத்தம் அதில் எங்கும் ஓடும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் 'டொய்ங்' என்று கேட்பது, பானெட்டுக்கு அடியில் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் இறுகியதாக இருக்கலாம். இத்தனைக்கும் முன்னால் டிக்கியைக் காலி செய்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி மூன்றும் கிளப்பும் சத்தத்துக்குப் பலர் ஷாக் மாற்றியிருக்கிறார்கள்.

"பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்"

கேட்கப் பெரிய மனுஷப் பேச்சு, ஆனால் ஆபத்தான பேச்சு. சக்கரத்தை அடியில் பிடித்து நிறுத்துவது லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட். அது கழன்றால் சக்கரம் வெளியே மடங்கி வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். அதில் ஆட்டம் என்று தெரிந்தால் ஒர்க்‌ஷாப் வரைகூட ஓட்டிப்போகாதீர்கள். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள்.