ஆவுளியாவும் மூதாயும்

ஒரு பொருளின் பெயரை அறிந்த அளவிலே அதன் இயல்பையும் அறிந்துவிட்டோம் எனக் கருதுதல் மக்கட்கு இயற்கை. ஆயினும் பெயரே உண்மையை மறைத்தலும் உண்டு. இதனைக் கடல்வாழ் பேருயிர் ஒன்றனையும் நிலத்தில் ஊரும் சிற்றுயிர் ஒன்றனையும் ஒப்புநோக்கி ஈண்டு ஆராய்வாம்.

பாக்கு விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் ஆவுளியா, கடற்பசு எனவும் வழங்கப்பெறும். அது ஏறத்தாழ 3 மீட்டர் நீளம் வளர்வது. நீரில் வாழ்தலின் அதனை மீன் என்பாரும் உளர். ஆனால் அதற்குச் செவுள் இல்லை, நுரையீரலே உண்டு. துடுப்பினுள் விரலெலும்புகள் அமைந்துள்ளன. கன்றை ஈன்று பாலூட்டும். அதற்கு நெருங்கிய உறவு திமிங்கிலம் அன்று, யானையே.

முதன்மழை பெய்தபின் ஈரமண்ணில் செம்பட்டுத் துணுக்குப்போல் ஊர்வது மூதாய். சங்கப் புலவர் முல்லைப் பாட்டுக்களில் இப்பெயரால் இதனைச் சுட்டினர். பிற்காலத்தார் இந்திரகோபம் என்றனர். ஊரார் தம்பலப்பூச்சி என்பர். பூச்சிக்குக் கால் ஆறு, உணர்கொம்பு இரண்டு. இதற்கோ முட்டையினின்று வெளிப்படும்போது ஆறுகாலே இருப்பினும், வளர்ந்தபின் எட்டுக்கால் உண்டு, உணர்கொம்பு இல்லை. ஆகவே இது சிலந்தி, தேள், உண்ணி என்பவற்றின் இனமாம். மூதாய் என்னும் பெயர் பூண்டது பாலூட்டுவதில்லை. பாலூட்டும் தாய்க்கோ மீன் என்னும் பெயர்!

உணவிலும் தோற்றம் நம்மை மயக்கும். பேருடல் படைத்த ஆவுளியா கடற்புல்லை மேய்ந்து அமைதியாய் வாழும். மென்பட்டுப் போன்ற மூதாயோ பூச்சிகளின் முட்டைகளைத் தேடி உண்ணும் வேட்டையுயிர்.

இவ்வேறுபாட்டை அறிதலால் பயன் யாதெனின், கூறுதும். மீன் வலைக்குள் நெடுநேரம் உயிர்தரிக்கும். ஆவுளியாவோ மேலெழுந்து மூச்சுவிட இயலாமல் சிறிது பொழுதில் மாண்டொழியும். அது ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் சுமந்து ஒரு கன்றே ஈனும். அடுத்த ஈற்றுக்குப் பல்லாண்டு செல்லும். ஆதலின் ஒரு தாயின் இழப்பு எளிதில் ஈடாவதன்று. இதனை உணர்ந்தே 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பை அதன் காப்பகமாக அறிவித்தது. மூதாயையும் பயிர்ப்பூச்சி எனப் பிழைபட எண்ணி நசுக்குவோர், பூச்சிகளைக் குறைக்கும் துணையொன்றை இழப்பர்.

அறியாமையால் இழைக்கும் தீங்கு அறிவால் நீங்கும். பேருயிரையும் சிற்றுயிரையும் ஒருங்கே படைத்த ஆண்டவர் நமக்குக் கண்ணையும் அறிவையும் அருளினார். அவற்றைக் கொண்டு அவ்வுயிர்களை உள்ளவாறு அறிந்து காத்தல் மாணவராகிய நம் கடனன்றோ!